ஏமாற்றத்தைத் தாங்கப் பழகுவோம்: வகுப்பிலும் வீட்டிலும் நடத்தக்கூடிய ஒரு பாடம்

ஒன்றை ஆசையோடு எதிர்பார்க்கிறோம்; அது நடக்காமல் போகிறது. அப்போது மனத்தில் ஏற்படும் வலியே ஏமாற்றம். அது நோயன்று, பலவீனமும் அன்று. ஆசைப்படும் எல்லாருக்கும் அது வரும். பெரியவர்கள் பல ஆண்டு அனுபவத்தில் அதைத் தாங்கக் கற்றுக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அனுபவம் இன்னும் குறைவு. எனவே கணிதத்தையும் நீச்சலையும்போல இதையும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

ஒரு தமிழாசிரியர் தொடக்கநிலை 6 மாணவர்களுக்கு நடத்தும் பாடம் ஒன்றை இந்தக் கையேடு படிப்படியாகத் தருகிறது. ஆசிரியரும் மாணவர்களும் எடுத்துக்காட்டுக்காகப் படைக்கப்பட்டவர்கள். ஆனால் அவர்கள் பேசும் சூழ்நிலைகள் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவை. ஆசிரியர்கள் இதை வகுப்பில் நடத்தலாம். பெற்றோரும் தாத்தா பாட்டியும் சாப்பாட்டு மேசையிலேயே நடத்தலாம்.

இதைப் படித்த பிறகு நீங்கள்:

• பிள்ளை ஏமாற்றத்தோடு வரும்போது முதலில் என்ன செய்வது என்று தெரிந்துகொள்வீர்கள்.
• பிள்ளையிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளையும் அவற்றின் வரிசையையும் அறிந்துகொள்வீர்கள்.
• தேர்வு முடிவு வெளியாகும் நாளுக்கு உங்களையும் பிள்ளையையும் ஆயத்தப்படுத்திக்கொள்வீர்கள்.
• எப்போது கூடுதல் உதவி நாட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வீர்கள்.

முன்கூட்டியே ஏன் தொடங்க வேண்டும்?

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு (பிஎஸ்எல்இ) முடிவுகள் பொதுவாக நவம்பர் மாதப் பிற்பகுதியில் வெளியாகும். எந்த உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது என்பது டிசம்பரில் தெரியவரும். பல பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையில் சந்திக்கும் முதல் பெரிய ஏமாற்றம் இந்த இரண்டு நாள்களில் ஒன்றில் வரக்கூடும்.

ஆழமான நீரில் இறங்கும் நாளன்று யாரும் நீச்சல் கற்றுக்கொள்வதில்லை. அதற்கு முன்பே இடுப்பளவு நீரில் பழகியிருக்க வேண்டும். ஏமாற்றமும் அப்படித்தான். மழையால் தடைபட்ட பயணம், தோற்றுப்போன விளையாட்டு, குழுவில் கிடைக்காத இடம் ஆகியவையே அந்த இடுப்பளவு நீர். பிள்ளையின் மனம் புண்படக்கூடாது என்று இவை எல்லாவற்றையும் நாம் தடுத்துவிட்டால், பெரிய ஏமாற்றம் வரும் நாளில் பிள்ளைக்குக் கைகொடுக்கப் பழக்கம் எதுவும் இருக்காது.

இந்தப் பாடத்தின் நோக்கம் பிள்ளைக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்வதன்று. வலிக்கும்போது பிள்ளை அதை மறைக்காமல் நம்மிடம் கொண்டுவர வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாடத்தின் தொடக்கம்: சின்ன ஏமாற்றங்களின் பட்டியல்

ஆசிரியர் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு தாளைக் கொடுக்கிறார். இந்த ஆண்டில் தாங்கள் எதிர்பார்த்து நடக்காமல் போன ஒன்றை எழுதச் சொல்கிறார். பெயர் எழுத வேண்டாம். விரும்பாதவர்கள் தாளை வெறுமையாகவே மடித்துக் கொடுக்கலாம்.

முதலில் அவர் தம்முடையதைச் சொல்கிறார்: “போன மாசம் என் அக்கா ஊரிலிருந்து வர்றதா இருந்துச்சு. வீட்டையெல்லாம் சுத்தம் பண்ணி வச்சிருந்தேன். கடைசி நேரத்துல வர முடியலைன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பிடவே பிடிக்கல.” பெரியவர்களுக்கும் ஏமாற்றம் உண்டு, அதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை மாணவர்கள் இதிலிருந்தே புரிந்துகொள்கிறார்கள்.

தாள்கள் திரும்பி வருகின்றன. ஆசிரியர் சிலவற்றை வாசிக்கிறார்.

“வலைப்பந்துக் குழுவுல என் தோழிக்கு இடம் கிடைச்சுது. எனக்குக் கிடைக்கல.”

“அப்பா ஜூன் விடுமுறைக்கு மலேசியா கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாங்க. வேலைன்னு சொல்லிட்டாங்க.”

“கதை சொல்லும் போட்டிக்கு ரெண்டு வாரம் மனப்பாடம் பண்ணினேன். மேடையில பாதி மறந்துடுச்சு.”

“அறிவியல் தேர்வுல 52. தாள் இன்னும் பைக்குள்ளேயே இருக்கு.”

கடைசித் தாளை வாசித்ததும் வகுப்பில் சிலர் சிரிக்கிறார்கள்; சிலர் தலைகுனிகிறார்கள். ஆசிரியர் எழுதியவர் யாரென்று தேடுவதில்லை. “இது மாதிரி பைக்குள்ள எதையாவது வச்சிருந்த அனுபவம் யாருக்கெல்லாம் இருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, முதல் ஆளாகத் தாமே கையை உயர்த்துகிறார். ஒவ்வொன்றாகப் பல கைகள் உயர்கின்றன.

பைக்குள் ஒளிந்திருக்கும் அந்தத் தாளில்தான் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. 52 மதிப்பெண் ஒரு பாதிப்பு. அதை வீட்டில் சொல்ல முடியவில்லை என்பது இன்னொரு பாதிப்பு. முதலாவதைப் படித்துச் சரிசெய்யலாம். இரண்டாவது தொடர்ந்தால், நாளை இதைவிடப் பெரிய சிக்கல் வந்தாலும் பிள்ளை அதையும் பைக்குள்ளேயே வைத்திருக்கும்.

மூன்று கேள்விகள்

ஆசிரியர் வெண்பலகையில் மூன்று கேள்விகளை எழுதுகிறார்.

1. என்ன நடந்தது?
2. மனசுக்கு எப்படி இருக்கிறது?
3. அடுத்து என்ன செய்யலாம்?

கேள்விகள் எளியவை. அவற்றின் வரிசைதான் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் நாம் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். “சரி விடு, இனிமே நல்லாப் படி” என்கிறோம். “டியூஷன் மாத்திடலாம்” என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் காதில் அது, “உன் வருத்தத்தைக் கேட்க எனக்கு நேரமில்லை” என்று விழக்கூடும்.

முதல் கேள்வி: என்ன நடந்தது?

இந்தக் கேள்விக்கு நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். ஆசிரியர் பலகையை இரண்டாகப் பிரிக்கிறார். இடப்பக்கம் ‘செய்தி’, வலப்பக்கம் ‘தீர்ப்பு’. பிறகு சில வாக்கியங்களை வாசித்து, எது எந்தப் பக்கம் என்று கேட்கிறார்.

“குழுவில் என் பெயர் இல்லை.” செய்தி.

“நான் எதற்கும் லாயக்கில்லை.” தீர்ப்பு.

“அறிவியலில் 52 எடுத்தேன்.” செய்தி.

“எனக்கு அறிவியல் வரவே வராது.” தீர்ப்பு.

ஒரு மாணவர் கேட்கிறார்: “ஆசிரியர், ‘அம்மா என்மேல கோபமா இருப்பாங்க’ங்கிறது செய்தியா, தீர்ப்பா?” வகுப்பு யோசிக்கிறது. ஆசிரியர் சொல்கிறார்: “அம்மாகிட்டக் கேட்டுட்டியா?” “இல்ல.” “அப்போ அது இன்னும் செய்தி ஆகல. அது நீ ஊகிக்கிறது.” பலகையில் மூன்றாவதாக ‘ஊகம்’ என்ற பகுதியும் சேர்கிறது.

ஏமாற்றமடைந்த மனத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒரு தேர்வில் குறைந்த மதிப்பெண் என்ற செய்தி, சில நிமிடங்களில் ‘நான் முட்டாள்’ என்ற தீர்ப்பாகவும் ‘என் வாழ்க்கை முடிந்தது’ என்ற ஊகமாகவும் வளர்ந்துவிடும். அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு வருத்தம் இருக்கும். ஆனால் அந்த வருத்தம் அதன் உண்மையான அளவிலேயே நிற்கும்.

வீட்டில் செய்துபாருங்கள்: பிள்ளை “நான் ஒன்னுத்துக்கும் உதவாதவன்” என்று சொன்னால் உடனே மறுத்து வாதாடாதீர்கள். “அப்படித் தோணுதா? என்ன நடந்துச்சுன்னு முதல்ல சொல்லு” என்று செய்திக்கு அழைத்து வாருங்கள்.

இரண்டாம் கேள்வி: மனசுக்கு எப்படி இருக்கிறது?

ஏமாற்றம் தனியாக வருவதில்லை. அதோடு வருத்தம், கோபம், பொறாமை, அவமானம், பயம், குற்ற உணர்வு ஆகியவையும் வரலாம். வலைப்பந்துக் குழுவில் இடம் கிடைக்காத மாணவி இடம் கிடைத்த தோழியைக் கண்டு பொறாமைப்படுகிறாள். ‘தோழிமேல் போய்ப் பொறாமைப்படுகிறோமே’ என்று வெட்கப்படுகிறாள். இரண்டையும் மறைக்கத் தோழியோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறாள். வெளியே தெரிவது அவள் சிடுசிடுப்பு மட்டும்தான்.

உணர்ச்சிக்குப் பெயர் கிடைத்தால் அதைக் கையாள்வது எளிதாகிறது. ஆசிரியர் உணர்ச்சிச் சொற்களைப் பலகையில் எழுதி, தங்களுக்குப் பொருந்தியவற்றைத் தாளில் குறிக்கச் சொல்கிறார். ஒன்றுக்கு மேலும் குறிக்கலாம். தமிழ்ச் சொல் நினைவுக்கு வராதவர்கள் ஆங்கிலத்தில் எழுதலாம். மனத்தில் உள்ளதைச் சொல்லும்போது மொழி ஒரு தடையாகிவிடக்கூடாது.

இந்த இடத்தில் ஒரு மாணவர் தோழிக்கு ஆறுதலாக, “கவலைப்படாத, அடுத்த தடவை கண்டிப்பாக் கிடைக்கும்” என்கிறார். ஆசிரியர் மெல்லக் கேட்கிறார்: “அது நமக்குத் தெரியுமா?”

தெரியாது. நமக்குத் தெரியாத ஒன்றை உறுதியாகச் சொன்னால், அது நடக்காதபோது பிள்ளைக்கு இரண்டாவது ஏமாற்றமும் சேர்கிறது. நம் சொல்லின்மேல் இருந்த நம்பிக்கையும் குறைகிறது. அதற்குப் பதிலாக வகுப்பு சேர்ந்து கண்டுபிடித்த ஆறுதல் வாக்கியங்கள் இவை:

• “நீ எவ்வளவு ஆசைப்பட்டேன்னு எனக்குத் தெரியும்.”
• “கஷ்டமாத்தான் இருக்கும்.”
• “பேசணுமா, இல்ல சும்மா பக்கத்துல இருக்கட்டுமா?”

மூன்றாவது வாக்கியம் பெற்றோருக்கு மிகவும் பயன்படும். எல்லாப் பிள்ளைகளும் உடனே பேசுவதில்லை. சிலர் புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தை உதைத்துவிட்டு வந்து பேசுவார்கள்; சிலர் இரவு படுக்கும்போது பேசுவார்கள். காத்திருங்கள். ஒரு குவளை மைலோவைக் கலக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஆறுதல்தான்.

உடல் அமைதியடைய ஒரு பயிற்சி

அதிர்ச்சியான செய்தி கேட்டவுடன் இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும், மூச்சு மேலோட்டமாகும். ஆபத்துக்கு ஆயத்தமாகும் உடலின் இயல்பு இது. இந்த நிலையில் யாராலும் தெளிவாக யோசிக்க முடியாது. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது உடல் படிப்படியாக அமைதிக்குத் திரும்புகிறது.

1. கால்கள் தரையில் படும்படி உட்காருங்கள்.
2. மூக்கு வழியாக, மனத்துக்குள் நான்கு வரை எண்ணியபடி மூச்சை இழுங்கள்.
3. ஆறு வரை எண்ணியபடி மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.
4. இதை ஐந்து முறை செய்யுங்கள். தலை சுற்றுவதுபோல் இருந்தால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சுவிடுங்கள்.

மனம் நன்றாக இருக்கும் நாள்களிலேயே இதைப் பிள்ளையோடு சேர்ந்து பழகுங்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் முதன்முறையாக “மூச்சை இழு” என்றால், “அழாதே” என்றுதான் அதன் காதில் விழும். அழுகை தவறன்று. ஆண் பிள்ளைகளுக்கும் அப்படியே.

மூன்றாம் கேள்வி: அடுத்து என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விக்கு அவசரமில்லை. அன்றே பதில் சொல்ல வேண்டியதில்லை; மறுநாள் காலையில்கூடக் கேட்கலாம்.

ஆசிரியர் மாணவர்களிடம் தாளின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் வரையச் சொல்கிறார். தங்களால் மாற்ற முடிந்தவற்றை வட்டத்துக்குள்ளும் மாற்ற முடியாதவற்றை வெளியேயும் எழுத வேண்டும். வலைப்பந்து மாணவியின் வட்டத்துக்கு வெளியே இருப்பவை: பயிற்றுநரின் முடிவு, தோழியின் திறமை, தன் உயரம். உள்ளே இருப்பவை: எதில் முன்னேற வேண்டும் என்று பயிற்றுநரிடம் கேட்பது, தோழியோடு மீண்டும் பேசுவது, வேறோர் இணைப்பாட நடவடிக்கையை முயன்று பார்ப்பது.

பிறகு வட்டத்துக்குள் இருப்பவற்றில் ஒன்றை மட்டும், மிகச் சிறியதை, தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். ‘அறிவியலில் முதல் மாணவனாக வருவேன்’ என்பது ஆசை. ‘நாளைக்கு இந்தத் தாளில் தவறாக எழுதிய மூன்று கேள்விகளை ஆசிரியரிடம் கேட்பேன்’ என்பது ஓர் அடி. ஏமாற்றத்துக்குப் பிறகு பிள்ளைக்குத் தேவைப்படுவது அந்த ஓர் அடிதான்.

சில ஏமாற்றங்களுக்கு அடுத்த அடி என்று எதுவும் இருக்காது. ஜூன் விடுமுறை முடிந்துவிட்டது. பயணம் இனி நடக்காது. அப்போது அதை ஏற்றுக்கொள்வதே அடுத்த அடி. வாக்குக் கொடுத்தவர் பெற்றோராக இருந்தால், “நான் சொன்னதைச் செய்ய முடியல, மன்னிச்சிடு” என்று பிள்ளையிடம் சொல்லலாம். பெற்றோர் மரியாதை அதனால் குறையாது.

தேர்வு முடிவு வெளியாகும் நாள்: பெற்றோருக்கு

மேலே சொன்ன பழக்கம் அனைத்தும் இந்த நாளில் பயன்படும். முன்னதாக நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில், முறையைப் புரிந்துகொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டிலிருந்து பிஎஸ்எல்இ முடிவுகள் அடைவுநிலைகளாக (ஏஎல்) தரப்படுகின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல் 1 முதல் ஏஎல் 8 வரை உண்டு. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் ஏஎல் 1. 65 முதல் 74 வரை ஏஎல் 5. 45 முதல் 64 வரை ஏஎல் 6. நான்கு பாடங்களின் அடைவுநிலைகளைக் கூட்டினால் மொத்தம் கிடைக்கும். மிகச் சிறந்த மொத்தம் 4, கடைசி 32. முந்தைய முறையில் ஒரு மாணவரின் மொத்தப் புள்ளி மற்ற மாணவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதையும் பொறுத்திருந்தது. இப்போது பிள்ளை பெறும் அடைவுநிலை அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டுமே காட்டுகிறது. உங்கள் காலத்துப் புள்ளிகளோடும் மூத்த உறவுக்காரப் பிள்ளைகளின் புள்ளிகளோடும் அதை ஒப்பிட முடியாது.

அடுத்து, பாதைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டில் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்கள் தொடங்கி, விரைவுநிலை, வழக்கநிலை என்ற பழைய பிரிவுகள் இல்லை. சேர்க்கைப் பிரிவு 1, 2, 3 என்பவை பள்ளியில் சேரும்போதும் தொடக்கத்தில் பாடங்களின் நிலையை முடிவு செய்யும்போதும் பயன்படுகின்றன. வெவ்வேறு பிரிவினர் ஒரே வகுப்பில் சேர்ந்து படிக்கிறார்கள். பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் கற்பிக்கப்படுகின்றன. ஒரு பாடத்தில் சிறந்து விளங்கும் மாணவர் அந்தப் பாடத்தை மட்டும் மேல்நிலையில் படிக்கும் வாய்ப்பும் உண்டு. உயர்நிலைக்குப் பிறகு தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம் என்று வழிகள் பிரிகின்றன. அவற்றுக்கிடையே பின்னர் சந்திக்கும் வழிகளும் உண்டு. இவற்றை நீங்கள் அறிந்திருந்தால், பிள்ளை “எல்லாம் முடிஞ்சுபோச்சு” என்று சொல்லும்போது வெறும் ஆறுதலுக்குப் பதிலாக உண்மையான தகவலைத் தர முடியும்.

பள்ளி விருப்பங்களை முன்பே பேசிவையுங்கள். ஆறு பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் பள்ளியைப் பற்றி மட்டும் ஆண்டு முழுவதும் பேசிவிட்டு மற்ற ஐந்தைக் கடைசி நேரத்தில் நிரப்பினால், அந்த ஐந்தில் எது கிடைத்தாலும் பிள்ளைக்கு அது தோல்வியாகவே தோன்றும். ஆறையும் பிள்ளையோடு சேர்ந்து ஆராயுங்கள். பயண நேரம் எவ்வளவு, பிடித்த இணைப்பாட நடவடிக்கை இருக்கிறதா, தமிழ் வகுப்பு எங்கே நடைபெறும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் ஏமாற்றத்தைப் பிள்ளையின் தோளில் வைக்காதீர்கள். முடிவைப் பார்த்ததும் உங்களுக்கும் வலிக்கலாம். நீங்கள் செலவழித்த நேரம், பணம், விட்டுக்கொடுத்தவை எல்லாம் நினைவுக்கு வரலாம். அது இயல்பு. ஆனால் பிள்ளை தாளைப் பார்ப்பதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த முதல் சில நிமிடங்கள் பிள்ளைக்கு உரியவை. உங்கள் வருத்தத்தைப் பிறகு கணவரிடமோ மனைவியிடமோ நண்பரிடமோ பேசிக்கொள்ளுங்கள். பிள்ளையிடம், “எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனா உன்மேல எனக்குக் கோபமில்ல” என்று உள்ளதைச் சொல்லலாம். வருத்தமே இல்லாததுபோல் நடித்தால் பிள்ளை எளிதில் கண்டுபிடித்துவிடும்.

சொல்லக்கூடியவையும் தவிர்க்க வேண்டியவையும்

“எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன்: “வா, முதல்ல ஏதாவது சாப்பிடலாம்.”

“பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியுமா?” என்பதற்குப் பதிலாக: “நீ எதிர்பார்த்தது என்ன, கிடைச்சது என்ன? சொல்லு, கேக்குறேன்.”

“நான் அப்பவே சொன்னேன்ல, கேட்டியா?” என்பதற்குப் பதிலாக: “என்ன செஞ்சிருக்கலாம்னு அப்புறம் சேர்ந்து பார்ப்போம். இப்போ வேணாம்.”

“இதெல்லாம் ஒரு விஷயமா? விடு!” என்பதற்குப் பதிலாக: “உனக்கு இது பெரிய விஷயம்தான். எனக்குப் புரியுது.”

உறவினர்களுக்கு என்ன சொல்வது?

தீபாவளி வருகையின்போது தேர்வு எப்படி எழுதினாய் என்று கேட்ட மாமாவும் அத்தையும், முடிவு வெளியான அன்று வாட்ஸ்அப் குழுவில் “எத்தனை பாயிண்ட்?” என்று கேட்பார்கள். அக்கறையினால்தான் கேட்கிறார்கள். ஆனால் தன் மொத்தப் புள்ளி ஐம்பது பேர் உள்ள குழுவில் ஓடுவது பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்பதை முன்கூட்டியே பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். “நல்லபடியா முடிஞ்சுது. எந்தப் பள்ளின்னு தெரிஞ்சதும் அவளே சொல்லுவா” என்ற ஒரு வரி போதும். நல்ல முடிவு பெற்ற பிள்ளையின் பெற்றோரும் சற்று யோசிக்கலாம். மகிழ்ச்சியைக் கொண்டாடுங்கள், அதே குழுவில் இன்னொரு வீடு அமைதியாக இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த சில நாள்களில்

• பிள்ளை வழக்கமான நேரத்தில் சாப்பிடுவதையும் தூங்குவதையும் உறுதி செய்யுங்கள். இந்த வயதில் இரவில் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் தேவை.
• நாள்தோறும் சிறிது நேரம் வெளியே நடக்கவோ விளையாடவோ அழைத்துச் செல்லுங்கள்.
• சமூக ஊடகத்தில் மற்றவர்களின் முடிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் குறைக்க உதவுங்கள். தூங்கும் நேரத்தில் கைப்பேசி அறைக்கு வெளியே இருக்கட்டும்.
• வீட்டில் பிள்ளை செய்யும் வேலையைத் தொடர விடுங்கள். தம்பிக்குக் கதை வாசிப்பது, பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது போன்றவை ‘நான் பயனுள்ளவன்’ என்ற உணர்வைத் தரும்.

எப்போது கூடுதல் உதவி நாட வேண்டும்?

ஏமாற்றத்தின் கூர்மை பொதுவாக நாளாக ஆகக் குறையும். பின்வரும் அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தாலோ உதவி நாடுங்கள்:

• தூக்கத்திலும் உணவுப் பழக்கத்திலும் பெரிய மாற்றம்
• பிடித்தவற்றில் ஆர்வமின்மை. நண்பர்களையும் குடும்பத்தாரையும் தவிர்த்தல்
• காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி
• அடிக்கடி அழுகை அல்லது கடுங்கோபம்
• எதிலும் நம்பிக்கை இல்லாத பேச்சு

“நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது”, “காணாமப் போயிடலாம்போல இருக்கு” போன்ற சொற்களைக் கேட்டாலோ, பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைக் கண்டாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே செயல்படுங்கள். “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று அமைதியாக, நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் பிள்ளையின் மனத்தில் புதிதாக உருவாகிவிடாது. இதைப் பற்றியும் இவரிடம் பேசலாம் என்ற துணிவைத்தான் அது தரும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

உதவிக்கு:

• வகுப்பாசிரியர் அல்லது பள்ளி ஆலோசகர்
• குடும்ப மருத்துவர்
• டிங்கிள் ஃபிரண்ட் (தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு): 1800-2744-788
• தேசிய மனநல உதவி எண் (24 மணி நேரம்): 1771
• எஸ்ஓஎஸ் (24 மணி நேரம்): 1767
• மனநலக் கழக உதவி எண் (24 மணி நேரம்): 6389 2222
• உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்: 995

உதவி கேட்பது குடும்பத்துக்கு இழுக்கன்று. காய்ச்சல் குறையவில்லை என்றால் மருந்தகத்துக்குப் போகிறோம், இதுவும் அப்படித்தான்.

இந்த வாரப் பயிற்சி

ஏழு நாள்களுக்கு இரவு உணவின்போது வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அன்று எதிர்பார்த்து நடக்காமல் போன ஒரு சிறு விஷயத்தைச் சொல்லுங்கள். பேருந்தைத் தவறவிட்டது, கடையில் பிடித்த உணவு தீர்ந்துபோனது, மேலாளர் விடுப்பு தராதது என எதுவாகவும் இருக்கலாம். பெரியவர்கள் முதலில் சொல்லுங்கள். மற்றவர்கள் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். பிறகு சொன்னவரே மூன்று கேள்விகளுக்கும் வரிசையாகப் பதில் சொல்லட்டும்.

முதல் இரண்டு நாள் பிள்ளை “ஒன்னுமில்ல” என்று சொல்லக்கூடும். வற்புறுத்தாதீர்கள், உங்களுடையதை மட்டும் சொல்லுங்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பிள்ளை ஏதாவது ஒன்றைச் சொல்லத் தொடங்கலாம். ஒருநாள் பள்ளிப் பையைத் திறந்து, கசங்கிய தாள் ஒன்றை உங்கள் முன் வைக்கலாம். அப்போது மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், “கொண்டுவந்து காட்டினியே, நல்லது” என்று சொல்லுங்கள்.